சிரித்தால் விழுகிறவளுக்குக் குளிசை

எனக்கு மாப்பிள்ளை தேடியபோது எங்கள் வீட்டார் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஆள் கறுப்போ சிவப்போ, குடிப்பாரோ குடிக்கமாட்டாரோ, அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பகிடி விடத் தெரியாதவராக இருக்கவேண்டும். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தி, இப்படி ஒரு மாப்பிள்ளைக்காக மன்னார்த் தீவு முழுக்க ஒரு தரகர் அலைந்தார் என்றால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். விழுந்தது நான்தானே.

ஓம், விழுவதுதான் என் வருத்தம், என் நோய். நல்ல பகிடி ஒன்றைக் கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள், நான் விழுவேன். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வாய்க்கு வருமுன் முழங்கால் விட்டுவிடும். கழுத்து தொங்கும், தாடை இளகும், இறக்கிப் போட்ட தோணிப்பாய் மாதிரி நின்ற இடத்தில் குவிந்துபோவேன். கண் மூடிக்கொள்ளும், நாக்கு அசையாது. ஆனால் புத்தி ஓரிடமும் போகாது. சுற்றி நடப்பதெல்லாம் சொல் விடாமல் கேட்கும். ஒன்றிரண்டு நிமிஷத்தில் ஒன்றும் நடவாதவள் போல எழும்பி, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு விட்ட வேலையைத் தொடர்வேன்.

நான் மயங்கிக் கிடக்கிறேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதனால் ஊர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை, நிலத்தில் கிடந்தபடி, ஒளிவுமறைவில்லாமல் கேட்டு வளர்ந்தவள் நான். "இந்தப் பெட்டையை ஆர் கட்டப்போறான்?" என்று ஒரு மாமி கேட்பா. "கட்டினாலும் பிள்ளை தூக்கி வளக்க ஏலுமோ?" என்று மற்ற மாமி கேட்பா. "முகம் வடிவுதான், மூக்குத்தான் கொஞ்சம்..." என்று ஒருத்தி இழுத்தா. மற்றதையெல்லாம் மன்னித்துவிட்டேன், அந்த மூக்கை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இதோடு நித்திரை வேறு. தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போதே நித்திரை வரும். மீன் வெட்டும்போது வரும். கதைத்துக்கொண்டிருக்கிற வசனத்தின் நடுவில் வரும், முழிக்கும்போது அந்த வசனத்தை முடித்துவைப்பேன், கேட்க ஆள் இராது. மாதா கோவிலில் பிரசங்க நேரத்தில் நான் நித்திரையாய்ப் போனதை மட்டும் ஒருவரும் வருத்தமென்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் பாதிக் கோவிலுக்கும் அதே வருத்தம்தான்.

எங்கள் ஐயா, அதாவது அப்பா, கருவாட்டு வியாபாரி, அதிகம் பேசமாட்டார். அண்ணன் பிறவிப் பகிடிக்காரன். கருவாடு வாங்க வருகிறவர்கள் பாதிப் பேர் அவனுடைய கதை கேட்கத்தான் வருவார்கள். அவன் வாயால்தான் நான் அதிகம் விழுந்தேன். கடைசியில் அம்மா சட்டம் போட்டா. காலில் இருக்கிற சேற்றை வாசலில் கழுவிவிட்டு வருகிறதுபோல வாயில் இருக்கிற பகிடியையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கும் அதே சட்டம்தான். "இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ, பகிடி விடாதேங்கோ" என்று ஒரே மூச்சில் சொல்லுவா. செத்தவீடு மாதிரி இருந்தது எங்கள் வீடு. அதுவே எனக்குச் சிரிப்பு மூட்டும்.

காக்கை வலிப்பு என்றுதான் ஊர் முடிவு கட்டியது. விழுந்தவுடன் அண்ணன் கடைப் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்து அமத்துவான். இரும்பு பிடித்தால் வலிப்புப் போகுமாம். அரை றாத்தல் வரும் அந்தத் திறப்பு. யாராவது வெங்காயத்தை நசித்து மூக்கில் பிடிப்பார்கள். எழும்பும்போது கை நோகும், கண் எரியும், வெங்காயம் மணக்கும். நான் எழும்பியதற்கு அந்த வெங்காயம்தான் காரணமென்று பக்கத்து வீட்டு அக்கா வெகு காலம் பெருமைப்பட்டா.

பிறகு ஒரு அப்போதிக்கரியிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் மருந்து வாங்கப் போகிறவர்கள் போத்தலைத் தாங்களே கொண்டுபோக வேண்டும். அவரும் கதையைக் கேட்டு, வலிப்புத்தான் என்று, புறோமைட் தண்ணி மருந்தைப் போத்தல் நிறைய ஊற்றித் தந்தார். கடல் தண்ணியைக் காய்ச்சிக் குடித்ததுபோல உப்பு. அதைக் குடித்து முகமெல்லாம் பரு போட்டது. முந்திப் பகலில் நாலு தரம் நித்திரை கொண்டவள், இப்போது நாலு தரம் முழித்தேன். விழுவது நின்றதோ என்றால், ஓரளவு நின்றதுதான். எழும்பி நின்றால்தானே விழுவதற்கு.

இப்படி இருக்கையில் ஆஸ்பத்திரிக்குப் புது டாக்குத்தர் ஒருவர் வந்தார். பறங்கிக்காரர், கொழும்பு ஆள், நெட்டையர். தமிழைச் சந்தையில் படித்தவர் போல, மூத்தவர் இளையவர் எல்லாரையும் நீ என்றுதான் சொல்லுவார். பரு போட்ட என் முகத்தைப் பார்த்துவிட்டு முதல் கேள்வியாக, "எப்ப விழுகிற? கோபத்திலயா, பயத்திலயா, சிரிப்பிலயா?" என்று கேட்டார். அதுவரைக்கும் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. சிரிப்பில் என்றேன். மனிதர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். விழுந்து கிடக்கும்போது காது கேட்குமோ என்றார். கேட்கும் என்றேன். அம்மா திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா. இத்தனை வருஷமாய்த் தான் என்னென்ன சொன்னோம் என்று அவ கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"இப்ப எனக்குப் பார்க்க வேணும். சிரி," என்றார் டாக்குத்தர்.

சிரி என்று சொன்னால் ஆருக்குச் சிரிப்பு வரும்? அவரே ஒரு பகிடி சொன்னார். அது என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, ஒரு துரையும் ஒரு நாயும் வந்தார்கள். நேர்ஸ் ஒரு விடுகதை போட்டா. மருந்து கட்டுகிறவர் தன் மாமியாரைப் பற்றி ஒரு கதை சொன்னார், அதைக் கேட்டுக் கவலைதான் வந்தது. கடைசியில் அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். வருஷக்கணக்காய் வாய் கட்டப்பட்டுக் கிடந்தவனுக்கு இதைவிட நல்ல நாள் வருமோ? ஆனால் டாக்குத்தர், நேர்ஸ், ஆஸ்பத்திரி மணம் எல்லாவற்றையும் கண்டு பயந்துபோய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்டும் ஞாபகம் வருகுதில்லை ஐயா," என்றான்.

டாக்குத்தர் கையை விரித்துவிட்டு, சரி, முழங்காலையாவது பார்ப்போம் என்று சின்ன றப்பர்ச் சுத்தியல் ஒன்றை எடுத்தார். அம்மா, "ஐயோ, பிள்ளைக்கு அடிக்காதேங்கோ!" என்று குறுக்கே விழுந்தா. நோகாது என்று காட்டுவதற்காக டாக்குத்தர் மருந்து கட்டுகிறவரை வாங்கில் இருத்தி, கால்மேல் கால் போடச் சொல்லி, முழங்காலின் கீழே ஒரு தட்டுத் தட்டினார். அந்த மனிதர் அதற்குமுன் தன் வாழ்க்கையில் ஒரு பெரியவர் முன்னிலையில் காலை அசைத்ததே இல்லை. இப்போது அவருடைய கால் தானாகக் கிளம்பி, டாக்குத்தருடைய வெள்ளைக் காற்சட்டையில், நேரே நடுத்தொடையில் ஒரு உதை விட்டது. உதைத்தவர் கும்பிட்டுக்கொண்டே எழும்பினார். "நான் இல்லை ஐயா! சத்தியமா நான் இல்லை! கால்தான் ஐயா!"

அவ்வளவுதான். நான் போய்விட்டேன்.

சீமெந்து நிலத்தில் கிடந்தபடி கேட்டேன். டாக்குத்தர் ஓடிவந்து மண்டியிட்டார். என் முழங்காலில் தட்டினார், மற்றதில் தட்டினார். ஒரு காலும் அசையவில்லை. "இல்லை! ஒன்றுமே இல்லை! நல்லது! மிச்சம் நல்லது!" என்று அவர் துள்ளிக் குதிக்கிற சத்தம் கேட்டது. பெற்ற பிள்ளை செத்துக் கிடக்க ஒருவர் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்த அம்மா ஒப்பாரியே தொடங்கிவிட்டா. நான் எழும்பி, "அம்மா, நான் சாகேல்லை," என்று சொன்ன பிறகுதான் மூக்கைத் துடைத்தா.

இது வலிப்பே இல்லை என்றார் டாக்குத்தர். இது நித்திரையின் வருத்தம். விழுகிறதும் நித்திரை வருகிறதும் ஒரே மரத்தின் இரண்டு கொப்பு. புறோமைட்டை வெளியே ஊற்றச் சொன்னார். கொழும்பிலிருந்து ஒரு சின்னப் போத்தல் வெள்ளைக் குளிசை வந்தது. எபெட்றின் என்று பேர். மூச்சு இழுக்கிற தொய்வுக்காரருக்குக் கொடுக்கிற மருந்தாம், இப்போது மேல்நாட்டில் நித்திரைக்காரருக்கும் கொடுத்துப் பார்க்கிறார்களாம். "இவளுக்குத் தொய்வு இல்லையே?" என்று அம்மா கேட்டா. "உன் மகள் நித்திரையாய்ப் போகாவிட்டால் போதாதா?" என்றார் டாக்குத்தர். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, நாலு மணிக்குப் பிறகு தொடவே கூடாது.

முதல் குளிசை போட்ட அன்றைக்குத்தான் எனக்குப் பின்னேரம் என்ற ஒன்று இருப்பது தெரிந்தது. அதுவரை நான் மத்தியானச் சோற்றிலிருந்து செபமாலை நேரத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடுவேன். நடுவில் இவ்வளவு நேரம் கிடக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லையே! நெஞ்சு கூத்து மத்தளம் போல அடித்தது, வாய் காய்ந்தது, கை லேசாய் நடுங்கியது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அலுமாரியை வெளியே எடுத்துத் துடைத்து அடுக்கினேன், அடுக்கியது பிடிக்காமல் மறுபடி எடுத்தேன். வேலியோரம் நின்று தெருவில் போகிற வருகிற எல்லாரோடும் கதைத்தேன், ஆள் இல்லாதபோது கழுதைகளோடு கதைத்தேன். மூன்றாம் நாள் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு, "நித்திரையா இருக்கேக்க வீடு அமைதியா இருந்தது," என்றா.

விழுவதும் குறைந்தது. குளிசை உள்ளே இருந்தால் சின்னச் சிரிப்புக்கு நேரே நிற்பேன், பெரிய சிரிப்புக்கு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பேன். குளிசை இல்லாவிட்டால் பழைய கதைதான். இதை வைத்துத்தான், இவளை இப்போது கட்டிக்கொடுக்கலாம் என்று ஐயா வாய் திறந்தார். அம்மா அப்போதும் நம்பவில்லை. குளிசை பாதி காக்கட்டும், மீதியை மாப்பிள்ளையின் முகம் காக்கட்டும் என்று முடிவெடுத்து, நான் முதலில் சொன்ன அந்த நிபந்தனையைப் போட்டா.

மாப்பிள்ளைகளைச் சோதிக்கிற வேலை அண்ணனுக்கு. தரகர் சொல்லுகிற ஆளிடம் போய்த் தன் பகிடிகளில் சிறந்ததைச் சொல்லவேண்டும். சிரித்தால் தோல்வி. மூன்று பேர் தோற்றார்கள். நாலாவது, விடத்தல்தீவுப் பக்கத்து ஆள், றோட்டுக் கந்தோரில் ஓவசியர், றோட்டு வேலையை மேற்பார்க்கிற உத்தியோகம். அளவு நாடாவும் கொப்பியும் இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். அண்ணன் அவருக்குக் கழுதைக் கதை சொன்னான். கழுதை பாவம், பாரம் தாங்காது என்று, உப்பு மூட்டையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு அதே கழுதையில் ஏறிப் போனவனுடைய கதை.

வீட்டுக்கு வந்து அண்ணன் நடித்துக் காட்டினான். "கதையை முழுக்கக் கேட்டார், அம்மா. பிறகு, 'மூட்டை எத்தினை றாத்தல்?' எண்டு கேட்டார். நூறு எண்டு சொன்னன். கொஞ்ச நேரம் யோசிச்சார். 'அப்ப கழுதைக்கு மொத்தப் பாரம் ஒண்டுதானே. அதை அந்த மனிசனுக்கு ஆரும் எடுத்துச் சொல்லேல்லையோ?' எண்டு கேட்டார் அம்மா! கவலையோட கேட்டார்!"

அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போய்விட்டா. இதைவிடப் பாதுகாப்பான மாப்பிள்ளை கிடைக்கமாட்டார். குசினிக் கதவுநிலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. அன்று காலையில் குளிசை போட்டிருந்தேன், அதனால்தான் தொங்கினேன். எங்கள் வீட்டார் செய்த பிழை எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பகிடி விடுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் அவர்கள். எனக்கோ, பகிடி விளங்காத ஒருவரைக் காட்டிலும் பெரிய பகிடி உலகத்தில் கிடையாது.

பெண் பார்க்க வருகிற அன்றைக்கு அம்மா குளிசைப் போத்தலை ஒளித்துவைத்தா. கை நடுங்கித் தேத்தண்ணி சிந்தினால் என்ன நினைப்பார்கள் என்று பயம். தன் தமக்கையோடு வந்தார் ஓவசியர். ஒல்லி உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்த தலை, நெற்றியில் நிரந்தரமாய் இரண்டு கோடு. அண்ணன் என் வருத்தத்தை அவருக்கு முன்கூட்டியே மறைக்காமல் சொல்லியிருந்தான். தேத்தண்ணியை வாங்கி வைத்துவிட்டு, சபை பார்த்திருக்க, கொப்பியைத் திறந்து பென்சிலை எடுத்து என்னிடம் கேட்டார்.

"நீர் எந்தப் பக்கமா விழுறனீர்?"

நான் விழுந்தே காட்டினேன்.

கிடந்தபடி கேட்டேன். அம்மா, "ஐயோ, எல்லாம் போச்சு," என்று அழுதா. மாமி, "நான் அப்பவே சொன்னனான்," என்றா. அவருடைய தமக்கை செபமாலையை எடுத்துவிட்டா. இத்தனைக்கும் நடுவில், பென்சில் கீறுகிற சத்தமும், "இடப்பக்கம்," என்று அவர் தனக்குள் சொல்லிக்கொள்வதும் கேட்டது. எழும்பியவுடன் வேறொன்றும் தோன்றாமல், "உங்களுக்குத்தான் இடப்பக்கம், எனக்கு வலப்பக்கம்," என்றேன். அவர் கையில் மணிக்கூடு இருந்தது. "ஒரு நிமிஷமும் நாப்பது செக்கனும்," என்றார். பிறகு நிமிர்ந்து, "அப்ப நான் சொன்னது உமக்குக் கேட்டதோ?" என்றார். கேட்டது என்றேன். அதையும் எழுதினார். அழித்துத் திருத்தாமல், அடிக்கோடு போட்டு எழுதினார். அந்த அடிக்கோட்டைப் பார்த்தபோது, கட்டினால் இந்த மனிதரைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் கன்னியர் மடம் என்று தீர்மானித்துவிட்டேன். எனக்கு வேறு ஆள் வேண்டாம்.

கோவிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாரும் இன்னாரும் கலியாணம் முடிக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கூறுவார்கள். மூன்றாம் ஞாயிறு ஒருத்தி போய்ச் சொல்லிவிட்டா. பெண்ணுக்கு வலிப்பு, அடிக்கடி புத்தி பேதலித்துப் போவா, அவ சொல்லுகிற சம்மதம் செல்லாது என்று.

பங்குச் சாமி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். "விவாகம் எண்டது சம்மதத்திலதான் நிக்குது, பிள்ளை. புத்தியோட, உம்மட வாயால, கோவிலுக்குக் கேக்கச் சொல்லவேணும். சொல்ல முந்தி நீர் விழுந்தால் நான் புத்தகத்தை மூடிப்போட்டுப் போயிடுவன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

விழமாட்டேன் சாமி, குளிசை இருக்கிறது என்றேன். எத்தனை மணிக்குப் போடுவீர் என்றார். காலையில் என்றேன். கூடாது என்று அவர் தலையை ஆட்டினார்.

அந்தக் காலத்தில் நன்மை, அதுதான் நற்கருணை, வாங்குகிறவர்கள் நடுச்சாமம் தொடக்கம் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது. சோறு மட்டுமல்ல, ஒரு மிடறு தண்ணி கூடாது, மருந்தும் கூடாது. கலியாணப் பூசையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நன்மை வாங்கவேண்டும். பெண் வாங்காமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? சாவான பாவத்தில் நிற்கிறாள் என்று சொல்லும், பிறகு அது என்ன பாவம் என்று விரல் மடித்து மாதம் எண்ணும். அம்மா அதற்குச் சம்மதிப்பதைவிடக் கடலில் குதிப்பா. மேலிடத்துக்கு எழுதி அனுமதி கேட்கலாம் என்றார் சாமி. எழுதினார். பதில் எங்கள் கலியாணத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது.

டாக்குத்தரிடம் போய்ச் சொன்னேன். அவர் எங்கள் வேதமில்லை, விளங்கவில்லை. "இவ்வளவு சின்னக் குளிசை. கடவுளுக்குத் தெரியவே தெரியாது," என்றார். முந்தின நாள் இரவே போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். விடியுமுன் அதன் வேலை முடிந்துவிடும், இரவு முழுக்கக் கண் கொட்டாமல் கிடந்து, கோவிலில் நின்றபடி நித்திரையாய்ப் போவாய் என்றார். ஆக, குளிசை இல்லாமல், அந்த மனிதருக்குப் பக்கத்தில், சிரிக்காமல் நிற்கவேண்டும். பகிடிக்காரன் பக்கத்தில் நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பேன்.

கலியாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க நான் கவலையான விஷயங்களை மனப்பாடம் செய்தேன். நரகம், பஞ்சம், மூக்கு. அண்ணனைக் கோவிலின் கடைசி வாங்குக்குத் தள்ளிவைத்தோம். ஓவசியருக்குச் சொல்லியனுப்பினோம், என்னைப் பார்க்கவும் வேண்டாம், ஒரு சொல் சொல்லவும் வேண்டாம் என்று. 'விளங்கியது' என்று ஒரு துண்டில் எழுதி, திகதி போட்டு, ஒப்பம் வைத்து அனுப்பியிருந்தார். அந்த ஒப்பத்தைக் கண்டே ஒருதரம் கட்டிலில் சரிந்துவிட்டேன்.

அன்று காலையில் நாக்கு ஒட்டிக்கொள்ளக் கோவிலுக்குள் போனேன். வெள்ளைச் சேலை, தலையில் நெற் முக்காடு, கையில் பூ. அவர் புதுக் கோட்டும் புதுச் சப்பாத்தும் போட்டு, நட்ட மைல் கல்லு மாதிரி பீடத்தைப் பார்த்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நான் நரகத்தை நினைத்தேன். சாமி அவரிடம் சம்மதமா என்று கேட்டார். அவர் எதையும் யோசிக்காமல் சொல்லுகிற ஆளில்லை. யோசித்து, "சம்மதம்," என்றார். நான் பஞ்சத்தை நினைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன், தாண்டிவிட்டேன்.

சாமி என் பக்கம் திரும்பிக் கேள்வியைத் தொடங்கினார். அப்போது கீழே ஏதோ அசைகிறது தெரிந்தது. கண்ணைத் தாழ்த்தினேன். அவருடைய புதுச் சப்பாத்து ஒன்று, முழங்கால்படியிடுகிற மெத்தையை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு, என் முன்னால் சுற்றி, என் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. முகம் பீடத்தில். நெற்றியில் அந்த இரண்டு கோடு. கண் இமைக்கவில்லை. இடுப்புக்கு மேலே பீடத்துச் சிலை போல ஒரு அர்ச்சியசிஷ்டர் நிற்க, கீழே கால் மட்டும் எட்டி எட்டி றோட்டு வேலை பார்த்தது. மெத்தை ஒரு விரற்கடை பிசகி நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை. சப்பாத்து திரும்பி வந்து நேராக்கியது.

நரகமும் வரவில்லை, மூக்கும் வரவில்லை. முழங்கால் விட்டது. மெத்தையில்தான் விழுந்தேன், அளவு துல்லியம்.

கோவில் ஒருமித்து "ஐயோ" என்றது. யாரோ திறப்பைக் கொண்டுவா என்றார்கள். அம்மா அருள்நிறை மந்திரத்தை அழுகையோடு தொடங்கினா. அதற்கு மேலாக எனக்குக் கேட்டது புத்தகம் மூடுகிற சத்தம். கனத்த புத்தகம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தரம், கீழே கிடக்கும்போது எனக்குச் சிரிப்புப் போய்விட்டது. சம்மதம், சம்மதம் என்று உள்ளே கத்துகிறேன், நாக்கு கல்லாய்க் கிடக்கிறது.

"சாமி, திறவுங்கோ புத்தகத்தை," என்றார் அவர். சத்தம் போடவில்லை.

"புத்தியில்லாத ஆளிட்டச் சம்மதம் வாங்கேலாது, தம்பி."

"புத்தி இருக்கு, சாமி. வாய்தான் இல்லை. அதுவும் வரும். நாங்கள் கதைக்கிறது எல்லாம் அவவுக்குக் கேக்குது."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் எழுதி வைச்சிருக்கிறன்."

கனத்த புத்தகம் மறுபடி திறக்கிற சத்தம் கேட்டது. சப்பாத்துக் கிரீச்சிட்டது. புதுக் கோட்டோடு அவர் என் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டார். மணிக்கூடு டிக் டிக் என்று என் காதுக்குக் கிட்ட வந்தது. பிறகு அவர் குனிந்து, கோவிலுக்கில்லை, சாமிக்கில்லை, கீழே கிடக்கிற எனக்குச் சொன்னார். "அவசரமில்லை. சாமி நிக்கிறார். நானும் இருக்கிறன். நீர் ஆறுதலா வாரும்."

நான் ஆறுதலாகத்தான் வந்தேன். முதலில் விரல், பிறகு கழுத்து, பிறகு நாக்கு. எழும்பி நின்று, சாமி கேள்வியை மறுபடி தொடங்கிப் பாதியில் இருக்கும்போதே, "சம்மதம் சாமி, சம்மதம்," என்று கடைசி வாங்குக்குக் கேட்கச் சொன்னேன். கேள்வி முடியவில்லை என்றார் சாமி. முடித்தார். மறுபடியும் சொன்னேன். பூசை நடந்தது, வெறும் வயிற்றோடும் காய்ந்த நாக்கோடும் நன்மை வாங்கினேன்.

கோவில் வாசலுக்கு வந்ததும் அவர் கோட்டுப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்தார். உள்ளே குளிசை. அண்ணன் ஒரு பேணியில் தண்ணி கொண்டு ஓடிவந்தான். ஊர் பார்த்திருக்க விழுங்கினேன். அது வேலை செய்ய அரை மணித்தியாலமாவது ஆகும். அதற்கிடையில் எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"இவ்வளவு நடந்தும் உங்களுக்குக் கொஞ்சமும் சிரிப்பு வரேல்லையோ?"

யோசித்தார். "வந்தது," என்றார்.

"பிறகேன் சிரிக்கேல்லை?"

"ரெண்டு பேரும் சிரிச்சா, ஆர் பிடிக்கிறது?"

வாசல்படியிலேயே எனக்கு முழங்கால் விட்டுப்போனது. பிடித்துக்கொண்டார். அவருடைய முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது, என் கண் மூடியிருந்தது. ஆனால் என் காது அவருடைய நெஞ்சில் சரியாக அழுந்திக் கிடந்தது. புதுக் கோட்டுக்குள்ளே, ஒருவருக்கும் தெரியாமல், மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.